மலேரியா அதிகாரியின் மனைவி

மருத்துவமனை மீது வழக்குப் போட்டால் நிற்குமா? ஹைதராபாத்தில் தொடங்கிய இரண்டு வழக்குகளும் அவற்றின் பின்விளைவுகளும்

சலைன் பாட்டிலுக்குள் ஏதோ துகள் மிதந்தது. கட்டிலருகே இருந்த கணவரின் கண்ணில் அது பட்டது. ஆஸ்பத்திரிக்காரர்களிடம் சொன்னார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று 2002 ஜூலை 22. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், குளிர் நடுக்கம் என்று மனைவியைச் சேர்த்து இரண்டு நாள் ஆகியிருந்தது. டைபாய்டு என்று சொல்லித்தான் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. மறுநாள் மூச்சுத் திணறல். ஆக்சிஜன் வைத்தார்கள். நிலைமை மோசமாகிக்கொண்டே போக, கடைசியில் யசோதா மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே ரத்தத்தைப் பார்த்தபோது கிடைத்தது மலேரியாக் கிருமி. டைபாய்டுக்கான வைடால் டெஸ்ட் நெகட்டிவ். அந்தப் பெண் பிழைக்கவில்லை. புகார் மனுவிலும் தீர்ப்பிலும் பதிவாகியிருக்கும் விவரங்கள் இவை.

கணவர் கிஷன் ராவ், மலேரியா துறையில் அதிகாரி.

ஊரையும் கொஞ்சம் கவனியுங்கள். மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதற்கான சான்றை, ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897 ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தில். பேகம்பேட்டையில் அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. நல்லகுண்டா ஃபீவர் ஹாஸ்பிடலுக்கே அவர் பெயர்தான். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு. சரியாக நூறு வருஷம் கழித்து, அதே இரட்டை நகரத்தில், மலேரியா அதிகாரி ஒருவரின் மனைவிக்கு மலேரியாவுக்கான வைத்தியம் நடக்கவில்லை.

கிஷன் ராவ் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். கட்டிய பணத்தில் 10,000 ரூபாயைத் திருப்பித் தரவும் 2 லட்சம் இழப்பீடு கொடுக்கவும் மன்றம் உத்தரவிட்டது. மருத்துவமனை மேல்முறையீடு செய்தது. மாநில ஆணையம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சிகிச்சை தவறு என்று சொல்ல மருத்துவ நிபுணர் யாரையாவது சாட்சியாகக் கொண்டுவந்தீர்களா?" கொண்டுவரவில்லை. தீர்ப்பு தலைகீழானது. தேசிய ஆணையமும் அதையே வழிமொழிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2010 மார்ச் 8-இல் அந்த 2 லட்சம் மறுபடி உயிர்பெற்றது.

எது ஜெயிக்க வைத்தது?

ஒரு வரி. சிகிச்சை தந்த தரப்பின் டாக்டர் குறுக்கு விசாரணையில் சொன்னது: மலேரியாவுக்காக நான் வைத்தியம் பார்க்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இரண்டாவது மருத்துவமனையின் பரிசோதனை அறிக்கை, மலேரியாவைக் குறிப்பிட்ட மரணச் சான்றிதழ். இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும்போது நிபுணர் வந்து விளக்க என்ன இருக்கிறது என்றது உச்ச நீதிமன்றம். சங்கதி தானே பேசும்போது தனியாக ஒரு சாட்சி எதற்கு என்ற பழைய கோட்பாட்டைத்தான் நீதிபதிகள் ஜி.எஸ். சிங்வியும் ஏ.கே. கங்குலியும் கையில் எடுத்தார்கள்.

இதற்கு முந்தைய வருஷம்தான் உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, மார்ட்டின் டிசோசா வழக்கில், டாக்டர் மீது வரும் எந்தப் புகாரையும் முதலில் நிபுணர் குழுவுக்கு அனுப்பிவிட்டுத்தான் நோட்டீஸே அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தது. அப்படி எல்லா வழக்குக்கும் ஒரே பூட்டைப் போடக்கூடாது என்று கிஷன் ராவ் தீர்ப்பு சொன்னது. சிக்கலான அறுவை சிகிச்சை என்றால் நிபுணர் வேண்டும். மலேரியாவுக்கு டைபாய்டு மாத்திரை என்றால் வேண்டாம். சாதாரணக் குடும்பங்களுக்கு இந்தத் தீர்ப்பு தந்த லாபம் 2 லட்சத்தைவிடப் பெரியது. ஒரு டாக்டருக்கு எதிராக இன்னொரு டாக்டரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது வழக்கு நடத்தியவர்களுக்குத் தெரியும்.

குணமாகாதது குற்றமா?

ஆஸ்பத்திரி வராந்தாவில் கோபத்தோடு நிற்பவர்களிடம் சொல்லக் கஷ்டமான விஷயம் இது: நோயாளி இறந்துவிட்டார் என்பது மட்டுமே வழக்கு ஆகாது. இன்னும் நல்ல டாக்டர் காப்பாற்றியிருப்பார் என்பதும் ஆகாது. அந்தத் துறையில் நடுத்தரத் திறமை உள்ள ஒரு டாக்டர், அந்த நேரத்தில், அந்த வசதிகளோடு என்ன செய்திருப்பாரோ அதை இவர் செய்தாரா என்பதுதான் சட்டத்தின் கேள்வி. இரண்டு விதமாக வைத்தியம் பார்க்கலாம் என்று துறைக்குள்ளேயே இரு கருத்து இருந்து, அதில் ஒன்றை இவர் தேர்ந்தெடுத்திருந்தால் தப்பிவிடுவார். 1957-இல் லண்டனில் மின்னதிர்ச்சி சிகிச்சையில் எலும்பு முறிந்த போலம் என்பவரின் வழக்கில் பிறந்த அளவுகோல் இது. போலம் தோற்றார். அவர் பெயர் மட்டும் நின்றுவிட்டது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் இதையே கடைப்பிடித்தது. பிரிட்டனே பிறகு இதைக் கொஞ்சம் இறுக்கிவிட்டது என்பது வேறு கதை.

ஆக, புகார் கொடுப்பவர் மூன்றைக் காட்ட வேண்டும். டாக்டருக்கு இவரைக் கவனிக்கும் கடமை இருந்தது; அதில் தவறினார்; அந்தத் தவறால்தான் கேடு வந்தது. முதலாவதைக் காட்ட பில் போதும். இரண்டாவது கஷ்டம். பெரும்பாலான வழக்குகள் செத்துப்போகும் இடம் மூன்றாவது. ஏற்கெனவே முற்றிய நோய், எப்படியும் போயிருக்கும் உயிர் என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

என் கணிப்பைச் சொல்கிறேன். முதல் நாள் காய்ச்சலை டைபாய்டு என்று நினைத்ததற்காக எந்த நீதிமன்றமும் ஒரு டாக்டரைத் தண்டிக்காது. நடுங்கவைக்கும் குளிர்க் காய்ச்சல், மருந்துக்கு அடங்கவில்லை என்று தெரிந்த பிறகும் அதே பாதையில் போனதுதான் சிக்கல். யூகம் தப்புவது மனித இயல்பு. தப்பிய யூகத்தைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதைத்தான் சட்டம் கவனக்குறைவு என்கிறது.

பெட்டிச் செய்தி: எந்தக் கதவைத் தட்டுவது?

நுகர்வோர் ஆணையம்: இழப்பீட்டுக்கு. மருத்துவமனைக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அதற்கும் மேல் தேசிய ஆணையம். கணக்கில் வருவது கட்டிய பில். கேட்கும் நஷ்ட ஈடு எவ்வளவு என்பது இங்கே பொருட்டில்லை. பில் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். ஹைதராபாத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியிலேயே மனு போடலாம். கெடு 2 வருஷம்.

மருத்துவக் கவுன்சில்: டாக்டரின் பதிவை நிறுத்திவைக்கவோ நீக்கவோ அதிகாரம் உண்டு. பணம் வாங்கித் தராது.

போலீஸ்: மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1). மற்றவர்களுக்கு 5 ஆண்டு வரை சிறை. மருத்துவ சிகிச்சையின்போது நேர்ந்தால் பதிவு பெற்ற டாக்டருக்கு 2 ஆண்டு வரை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறை.

சிவில் கோர்ட்: நுகர்வோர் சட்டத்துக்குள் வராத இலவச சிகிச்சைக்கும் இந்த வழி திறந்திருக்கிறது.

சக்கர நாற்காலியில் வந்த மனுதாரர்

ஹைதராபாத்தின் அடுத்த வழக்கு, பஞ்சாகுட்டாவில் இருக்கும் நிம்ஸ் என்கிற நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் தொடங்கியது. 1990 அக்டோபர். இஞ்சினீயரிங் படித்துக்கொண்டிருந்த 20 வயது பிரசாந்த் தனாங்கா, அடிக்கடி வரும் காய்ச்சலுக்காக அங்கே போனார். நெஞ்சுக்குள் ஒரு கட்டி தெரிந்தது, முதுகெலும்பை ஒட்டி. அது என்ன கட்டி என்று பார்க்க, வெட்டியெடுத்துப் பரிசோதிப்பதற்கான ஆபரேஷன் அக்டோபர் 23-இல் நடந்தது. கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்தபோது கால்கள் அசையவில்லை. பிறகும் அசையவே இல்லை.

1993-இல் தேசிய ஆணையத்தில் புகார். 1999-இல் 15.5 லட்சம் இழப்பீடு. போதாது என்று அவரும், தரமுடியாது என்று மருத்துவமனையும் உச்ச நீதிமன்றம் போனார்கள். அங்கே வக்கீல் வைக்காமல், சக்கர நாற்காலியில் இருந்தபடி தன் வழக்கைத் தானே வாதாடினார் பிரசாந்த். 2009 மே 14-இல் தீர்ப்பு: 1 கோடி ரூபாய், 6 சதவீத வட்டியோடு. ஆபரேஷன் மேஜையிலிருந்து அந்த நாள் வரை பதினெட்டரை வருஷம்.

தொகையைவிட இந்தத் தீர்ப்பு விட்டுச்சென்ற மூன்று விஷயங்கள்தான் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. முதுகெலும்பை ஒட்டிய கட்டி என்று தெரிந்திருந்தும் திட்டமிடும் கட்டத்திலேயே நரம்பியல் அறுவை நிபுணரைச் சேர்த்துக்கொள்ளாதது கவனக்குறைவு என்றது நீதிமன்றம். கத்தி பிடித்த விதத்தைவிட, கத்தி பிடிப்பதற்கு முன் யாரைக் கலந்துகொண்டார்கள் என்பதே அங்கே கேள்வியானது. அடுத்து, நோயாளி ஆரம்ப ஆதாரங்களைக் காட்டிவிட்டால் அதற்கு மேல் 'நாங்கள் ஒழுங்காகத்தான் செய்தோம்' என்று நிரூபிக்கும் சுமை மருத்துவமனையின் தலைக்குப் போகிறது. அறைக்குள் என்ன நடந்தது என்று மயக்கத்தில் கிடந்தவர் எப்படிச் சொல்வார்? மூன்றாவது, பரிசோதனைக்காக வெட்டியெடுக்கத் தந்த சம்மதத்தைக் கட்டியையே முழுதாக அகற்றுவதற்கான சம்மதமாக நீட்டிக்க முடியாது.

இழப்பீட்டைக் கணக்கிட்ட முறையும் கவனிக்க வேண்டியது. செவிலியருக்கு இவ்வளவு, பிசியோதெரபிக்கு இவ்வளவு, வண்டி ஓட்டி உதவ ஓர் ஆளுக்கு இவ்வளவு, இழந்த வருமானத்துக்கு, வலிக்கு என்று பிரித்துப் பிரித்துப் போட்டார்கள். அதற்குள் பிரசாந்த் ஐ.டி. துறையில் வேலையிலும் இருந்தார். சம்பாதிக்கிறாரே என்பதற்காக இழப்பு இல்லாமல் போய்விடவில்லை. அதே சமயம் அவர் கேட்டதெல்லாம் கிடைக்கவும் இல்லை. இரக்கம் கணக்கைக் கெடுத்துவிடக் கூடாது என்றும் தீர்ப்பு சொன்னது. 2013-இல் கொல்கத்தாவின் அனுராதா சாஹா வழக்கில் இழப்பீடு 5.96 கோடியைத் தொட்டது. அவருடைய கணவர் குணால் சாஹா ஒரு டாக்டர். மருத்துவப் பதிவுகளை வரிவரியாகப் படிக்கத் தெரிந்தவர்.

"சந்தகம் பெட்டண்டி"

சில வருஷங்களுக்கு முன் செகந்திராபாத்தில் ஒரு நர்சிங் ஹோமில் என் பெரியம்மாவுக்கு ஆபரேஷன். இரவு பதினொன்றரைக்கு நர்ஸ் ஒரு ஃபாரத்தை நீட்டி, "சந்தகம் பெட்டண்டி" என்றார். கையெழுத்துப் போடுங்கள் என்று அர்த்தம். பக்கத்துக்குப் பாதி தெலுங்கு, பாதி இங்கிலீஷ். பெரியம்மாவுக்கு இரண்டும் படிக்கத் தெரியாது. என்ன ஆபரேஷன் என்று எழுதும் கோடு காலியாக இருந்தது. "டாக்டர் அப்புறம் எழுதிக்குவார்" என்றார்கள். போட்டுக் கொடுத்தது நான்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்ததால், அந்தக் காலிக் கோட்டை மறந்தும் போனேன்.

சட்டம் அந்தக் கோட்டை மறப்பதில்லை. டெல்லியில் சமீரா கோஹ்லி என்ற பெண், நோய் என்னவென்று லாப்ரோஸ்கோப்பி மூலம் பார்க்கச் சம்மதித்து மேஜையில் படுத்தார். எழுந்தபோது கருப்பையும் சினைப்பைகளும் இல்லை. மயக்கத்தில் இருந்தபோது வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கியிருந்தார்கள். 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: வயதுவந்த, சுயநினைவு திரும்பக் காத்திருக்கக்கூடிய நோயாளியின் உடம்புக்கு அம்மா கையெழுத்து செல்லாது, உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டுமே விதிவிலக்கு. நோயாளியின் நன்மைக்காகவே செய்திருந்தாலும் அனுமதி இல்லாமல் செய்தது தவறுதான். இழப்பீடு என்னவோ வெறும் 25,000 ரூபாய், கூடவே வாங்கிய ஃபீஸையும் விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். தொகை சின்னது. ஆனால் இன்று எந்த மருத்துவமனையிலும் உங்களிடம் கையெழுத்து வாங்கும் தாள் ஒன்றிலிருந்து நான்காகப் பெருகியிருப்பதில் இந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. தாள் பெருகிய அளவுக்கு விளக்கமும் பெருகியதா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மெட்ராஸ் முதல் எழும்பூர் வரை

டாக்டர் தருவதும் ஒரு 'சேவை', நோயாளியும் ஒரு 'நுகர்வோர்' என்பதே ஒரு காலத்தில் சண்டைக்குரிய விஷயம். 1994-இல் மெட்ராஸ் உயர் நீதிமன்றம், வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றது. அடுத்த வருஷமே, 1995 நவம்பர் 13-இல், வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி எழுதியது: காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் சேவைதான். சிலருக்கு இலவசமாகவும் சிலருக்குக் கட்டணத்துக்கும் பார்க்கும் மருத்துவமனையில், இலவச நோயாளியும் வழக்குப் போடலாம். காப்பீட்டு நிறுவனமோ முதலாளியோ பணம் கட்டினாலும் அப்படியே. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் இடம் மட்டும் வெளியே நிற்கும். 2019-ஆம் ஆண்டுப் புதுச் சட்டத்தில் டாக்டர்கள் பற்றிய பேச்சே இல்லை, நாங்கள் தப்பித்தோம் என்று ஒரு தரப்பு வாதாடிப் பார்த்தது. 2022-இல் அதுவும் எடுபடவில்லை.

அப்படியானால் அரசு ஆஸ்பத்திரி? சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 1996-இல் 29 வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். குறைமாதக் குழந்தைக்கு விழித்திரைச் சோதனை செய்ய வேண்டும். கொஞ்ச நாளைக்குள் கண்டுபிடித்தால் பார்வையைக் காப்பாற்றலாம். யாரும் செய்யவும் இல்லை, பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. பார்வை போய்விட்டது. 2015 ஜூலை 1-இல் தமிழ்நாடு அரசும் மருத்துவர்களும் சேர்ந்து 1.8 கோடி ரூபாய்க்கு மேல் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது அந்தக் குழந்தைக்கு 18 வயது முடிந்திருந்தது. செய்த தவறு எதுவும் அங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். செய்யாமல் விட்டது, சொல்லாமல் விட்டது. அவ்வளவுதான் வழக்கு.

ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்

துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு முதலில் தோன்றுவது போலீஸ்தான். சட்டம் அங்கே கதவைப் பாதிதான் திறந்து வைத்திருக்கிறது. ஜேக்கப் மேத்யூ வழக்கின் சம்பவம் லூதியானாவில்: மூச்சுவிட முடியாமல் தவித்த முதியவருக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலி. மகன் ஓடிப்போய்ப் பக்கத்து அறையிலிருந்து வேறு சிலிண்டர் கொண்டுவந்தார். அது பொருத்தப்படுவதற்குள் தாமதமாகிவிட்டது. இதைக் கேட்கும் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். ஆனாலும் டாக்டர்கள் மீதான கிரிமினல் வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சிலிண்டர் இல்லாததற்கு மருத்துவமனை நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாகலாம். டாக்டரை ஜெயிலுக்கு அனுப்ப அப்பட்டமான, மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்றது. சார்பில்லாத இன்னொரு டாக்டரின் கருத்தை வாங்காமல் போலீஸ் மேலே போகக் கூடாது. வழக்கு வந்த உடனே கைது செய்வதும் கூடாது.

அதனால்தான் பல இடங்களில் கோர்ட்டுக்குப் பதில் வாசலிலேயே பஞ்சாயத்து நடக்கிறது. உடலை வாங்க மறுப்பு, உள்ளூர்ப் பிரமுகர், மூடிய அறை, ஒரு கவர். ஆந்திராவும் தமிழ்நாடும் 2008-இல் மருத்துவமனைத் தாக்குதலுக்கு எதிராகத் தனிச் சட்டமே போட்டன. அடிப்பது நின்றபாடில்லை. கண்ணாடி உடைவது செய்தியாகிறது. கவர் கைமாறுவது ஆவதில்லை. எனக்குக் கவர்தான் அதிகம் உறுத்துகிறது. அதில் முடியும் தவறு எங்கும் எழுதப்படுவதில்லை. அடுத்த நோயாளிக்கு அது தெரியவே தெரியாது.

பெட்டிச் செய்தி: கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. உள்நோயாளி கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்பு, மருந்து சார்ட், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, சம்மதப் படிவம், ஸ்கேன் பிலிம் என எல்லாவற்றின் நகலும் வேண்டும். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் அவற்றை வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதி. கேட்ட கடிதத்துக்கு முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள்.

ஒன்பது வருஷம் வலித்த வயிறு

கெடு 2 வருஷம் என்றேன். எப்போதிலிருந்து? கோவாவில் அரசு மருத்துவமனை நர்ஸாக இருந்த ஒருவருக்கு 1993-இல் பித்தப்பைக் கல் ஆபரேஷன். அதன்பிறகு வயிற்று வலி போகவே இல்லை. 2002-இல் மும்பையில் மறுபடி திறந்தபோது உள்ளே காஸ் துணி. 2004-இல் புகார் கொடுத்தார். துணி கண்டெடுத்த நாளிலிருந்து எண்ணுங்கள் என்பது அவர் வாதம். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை: நீங்களே நர்ஸ், இத்தனை வருஷம் வலித்திருக்கிறது, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு தடவைகூடப் போய்க் கேட்கவில்லையே? காலம் கடந்த புகார் என்று தள்ளுபடி.

ஹைதராபாத்தில் மலேரியா அதிகாரி, கோவாவில் நர்ஸ். இருவருக்கும் விஷயம் தெரியும். ஒருவர் சீக்கிரம் கேட்டார்.

புகார் கொடுத்த பிறகான கதை வேறு. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனதிலிருந்து 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று நுகர்வோர் சட்டம் சொல்கிறது. கிஷன் ராவின் மனைவி இறந்தது 2002, இறுதித் தீர்ப்பு 2010. 2 லட்சம் அப்போதும் 2 லட்சம்தான்.

மறுபக்கத்து மேஜை

செகந்திராபாத்தில் 20 படுக்கை வைத்து நடத்தும் டாக்டர் நண்பர் ஒருவர் இருக்கிறார். காஞ்சிபுரத்துக்காரர், 25 வருஷமாக அங்கே. இந்தக் கட்டுரைக்காகப் பேசியபோது அவர் முதலில் சொன்னது பயத்தைப் பற்றித்தான். "முன்னாடி ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சுவலின்னு வந்தா, கைய வச்சுப் பார்த்துடுவேன். இப்போ வாசல்லயே 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க'ன்னு சொல்லிடறேன். போற வழியில என்ன ஆகும்னு எனக்கும் தெரியும்."

வழக்குப் பயத்தின் செலவு இப்படித்தான் நோயாளி தலையில் விழுகிறது. தேவையோ இல்லையோ ஒரு ஸ்கேன், ஒரு இ.சி.ஜி., இன்னொரு நிபுணரின் ஒப்பீனியன். தொழில்முறைக் காப்பீட்டு பிரீமியம் கன்சல்டேஷன் ஃபீஸில் ஏறுகிறது. நியூசிலாந்து 1974 முதல் வேறு வழியில் போகிறது: யார் தவறு என்று கோர்ட்டில் நிரூபிக்காமலே, சிகிச்சையால் காயம்பட்டவருக்குப் பொது நிதியிலிருந்து உதவி. நம் ஊரில் அந்தப் பேச்சு எங்கும் காணோம்.

கிளம்பும்போது ரவுண்ட்ஸ் நேரம். கூடவே நடந்தேன். பழைய கேஸ் ஷீட்டுகளில் தினமும் மூன்றே எழுத்து இருக்குமாம்: சி.எஸ்.டி. கன்டினியூ சேம் ட்ரீட்மெண்ட், அதாவது நேற்று போட்டதையே இன்றும் போடு. "அந்த மூணு எழுத்த எழுதவே இப்போ கை வர மாட்டேங்குது சார்" என்றார். மூன்றாவது கட்டிலில் காய்ச்சல் கேஸ், இரண்டாம் நாள். சார்ட்டைப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், மலேரியா ஸ்மியர் திரும்ப அனுப்பச் சொன்னார். பிறகு நின்றபடியே எழுதினார்: மணி 4.40, காய்ச்சல் இறங்கவில்லை, ரத்தம் மறுபடி எடுக்கப்பட்டது, கணவரிடம் தெலுங்கில் சொல்லப்பட்டது. பேனாவைக் கணவரிடம் நீட்டி, அந்த வரிக்குப் பக்கத்திலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு நாலாவது கட்டிலுக்கு நகர்ந்தார்.